வயிற்று நோயுள்ள முயலை வீட்டில் பேணும் முறை

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் இன்று முயலும் ஓர் உறுப்பினராகிவிட்டது. அது குரைத்து அண்டை வீட்டாரை எழுப்புவதில்லை. காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. சிறிய இடமே போதும். இவற்றைக் கருதி, ‘பராமரிப்பதற்கு எளிய பிராணி’ என்று எண்ணிப் பிள்ளைகளுக்காக முயல் வாங்குவோர் பலர். நன்கு பேணப்பட்ட வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அக்காலம் முழுவதும் அதன் உடல்நலம் பெரும்பாலும் ஒன்றைச் சார்ந்தே நிற்கிறது. அது குடலின் இடைவிடாத இயக்கம்.

சில முயல்களுக்கு அவ்வியக்கம் அடிக்கடி தளர்ந்துவிடுகிறது. மருத்துவம் செய்தால் சரியாகிறது. சில வாரங்கள் கழித்து மீண்டும் வருகிறது. இவ்வாறு நாள்பட்ட செரிமான நோய் கொண்ட முயலை வீட்டில் எவ்வாறு கவனிப்பது, எப்போது மருத்துவரிடம் விரைவது, அதற்கான செலவை எவ்வாறு திட்டமிடுவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

குடல் இயங்கும் விதம்

நோயை அறிவதற்கு முன் இயல்பை அறிதல் வேண்டும். முயல் தாவர உண்ணி. எனினும் மாட்டைப் போல அசைபோடுவதில்லை. மாட்டின் வயிற்றில் நிகழும் நொதித்தல், முயலுக்குக் குடலின் பிற்பகுதியில் நிகழ்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் சீகம் எனப்படும் குருட்டுக்குடல் உள்ளது. முயலின் செரிமான உறுப்புகளுள் மிகப் பெரியது இதுவே. இதனுள் வாழும் எண்ணற்ற நுண்ணுயிரிகள் உணவை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன.

பெருங்குடலின் தொடக்கப் பகுதி ஒரு சல்லடையைப் போலச் செயற்படுகிறது. செரிக்க இயலாத பெரிய நார்த் துகள்கள் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, உருண்டையான உலர்ந்த புழுக்கைகளாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகள்களும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டுச் சீகத்தைச் சென்றடைகின்றன. அங்கே நொதித்தபின் அவை மென்மையான, பளபளப்பான, சிறு திராட்சைக் கொத்துப் போன்ற வேறுவகைப் புழுக்கைகளாக வெளிவருகின்றன. முயல் அவற்றை உடனே வாயால் எடுத்து உண்டுவிடும். இதைக் கண்டு அருவருப்போ அச்சமோ கொள்ள வேண்டியதில்லை. புரதம், ‘பி’ வகை வைட்டமின்கள், வைட்டமின் ‘கே’ ஆகியவற்றை முயல் பெறும் வழி அது.

இவ்வமைப்பு முழுவதையும் இயக்கும் விசை நார்ச்சத்தாகும். கரடுமுரடான நார் தொடர்ந்து வந்தால்தான் குடற்சுவர் சுருங்கி விரிந்து உணவை முன்தள்ளும். நார் குறைந்தால் இயக்கம் தளரும். உள்ளிருப்பவை நீர் வற்றி இறுகும். சீகத்தில் தீய நுண்ணுயிரிகள் பெருகி வாயுவை உண்டாக்கும். வாயுவால் வலி எழும். வலியால் முயல் உண்ண மறுக்கும். உண்ணாமையால் குடல் மேலும் தளரும். இச்சுழற்சியையே குடல் தேக்கம் என்கிறோம். முயலால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே, உள்ளே சென்றது குடல் வழியாகவே வெளியேறியாக வேண்டும்.

நோய் மீண்டும் மீண்டும் வருவது ஏன்?

குடல் தேக்கம் பெரும்பாலும் வேறொரு குறையின் விளைவு. ஒவ்வொரு முறையும் வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து, மூலக் காரணத்தைத் தேடாமல் விட்டால் அது திரும்ப வந்துகொண்டேயிருக்கும். தேட வேண்டிய காரணங்கள் பின்வருமாறு.

முதலாவது, உணவு. நார் குறைந்து மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த உணவு. பிஸ்கட், ரொட்டி, சோறு, தானியக் கலவை, மிகுதியான பழம் ஆகியவை இவ்வகையின.

இரண்டாவது, பற்கள். முயலுக்கு 28 பற்கள். அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. புல்லை அரைத்து மெல்லுவதால் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. தேயாவிடில் கடைவாய்ப் பற்களில் முனைகள் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முன்பற்கள் நேராக இருப்பதை மட்டும் பார்த்துப் பல் நலமாக உள்ளது என்று முடிவு செய்தல் கூடாது. கடைவாய்ப் பற்களை மருத்துவர் உரிய கருவி கொண்டு பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வலியும் அச்சமும். மூட்டு வலி, சிறுநீர்ப்பைக் கல், இடமாற்றம், இணை முயலின் இறப்பு, பட்டாசு ஓசை ஆகிய எதுவும் குடலைத் தளரச் செய்யும்.

நான்காவது, ஒட்டுண்ணிகள். காக்சிடியா எனப்படும் நுண்ணுயிரிகள் குடலையும் கல்லீரலையும் தாக்குகின்றன. குட்டிகளுக்கு இவை பெருங்கேடு செய்யும். புழுக்கையைச் சோதித்து இதை உறுதி செய்யலாம். புழுக்கையோடு வெளியேறும் இவ்வுயிரிகளின் முட்டைகள் தொற்றும் தன்மை பெற ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். கூண்டை நாள்தோறும் தூய்மை செய்வது மருந்துக்கு நிகரான காப்பு என்பதற்கு இதுவே காரணம்.

ஐந்தாவது, பிறவி அமைப்பு. வெண்ணிற உடலில் மிகக் குறைந்த புள்ளிகளே கொண்ட சில முயல்களுக்கு, நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவோடு தொடர்புடைய பெருங்குடல் விரிவு நோய் உண்டாவதுண்டு. இவற்றின் புழுக்கைகள் வழக்கத்துக்கு மாறாகப் பெரியனவாகவும் ஒழுங்கற்றும் இருக்கும். இதனை முற்றிலும் குணப்படுத்த இயலாது, பேணி நடத்தலாம்.

முடி உருண்டையே நோய்க்குக் காரணம் என்பது பரவலான நம்பிக்கை. முயல் தன் உடலை நக்கும்போது முடியை விழுங்குவது இயல்பே. குடல் நன்கு இயங்கினால் அது வெளியேறிவிடும். குடல் தளர்ந்து நீர் வற்றும்போதுதான் முடி உணவோடு சேர்ந்து இறுகுகிறது. அன்னாசிச் சாறு முடியைக் கரைத்துவிடும் என்று சிலர் கூறுவதுண்டு. சாறு முடியைக் கரைப்பதில்லை. அதிலுள்ள சர்க்கரை குடலுக்குத் தீங்கே செய்யும்.

அன்றாட உணவு

நோயுள்ள முயலின் உணவில் பெரும்பகுதி உலர்புல்லாக இருத்தல் வேண்டும். இரவும் பகலும் அது கிடைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் திமோத்திப் புல் கடைகளில் கிடைக்கிறது, விலை கூடுதல். நிழலில் உலர்த்திய அருகம்புல், ரோட்ஸ் புல் ஆகியன நம் நாட்டிலேயே விளைபவை. தூய்மையாகக் கிடைத்தால் பயன்படுத்தலாம். பூஞ்சணம் பிடித்ததும், பூச்சிமருந்து தெளித்ததும், சாலையோரத்தில் அறுத்ததும் ஆகாது. மழைக்காலத்தில் புல்லைக் காற்றோட்டமான துணிப்பையில் உயரமான இடத்தில் சேமித்து வைத்தல் நலம்.

குதிரை மசால் வளரும் குட்டிகளுக்கு ஏற்றது. வளர்ந்த முயலுக்கு அதன் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகை. வட இந்தியாவில் எளிதாகக் கிடைக்கும் பெர்சீம் தீவனமும் பயறுவகைத் தாவரமே. அதையும் முதன்மை உணவாக்குதல் கூடாது. நெல் வைக்கோல் படுக்கைக்கு ஏற்றது. சத்துக் குறைவாதலால் புல்லுக்கு ஈடாகாது.

கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட்டின் இலை போன்றவற்றை நன்கு கழுவி, ஈரம் வடித்து, சிறிதளவு கொடுக்கலாம். புதிய இலை எதையும் ஒரு நேரத்தில் ஒன்றாக, சிறு அளவில் அறிமுகம் செய்து, சில நாள் புழுக்கையைக் கவனித்த பின்னரே அளவைக் கூட்ட வேண்டும். கேரட் கிழங்கு முயலின் இயல்பான உணவு என்பது படக்கதைகள் வளர்த்த எண்ணம். அதில் சர்க்கரை மிகுதி. குச்சித் தீவனம் கொடுப்பதானால், வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளலாம். வயிற்று நோயுள்ள முயலுக்கு அதை மேலும் குறைக்கவோ நிறுத்தவோ மருத்துவர் கூறக்கூடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட் ஆகியவற்றை ஒருபோதும் கொடுத்தல் ஆகாது.

நீரும் உணவைப் போன்றே இன்றியமையாதது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் நீர் தேவைப்படும். பச்சிலை உண்ணும் நாளில் இது குறையும், வெயிற்காலத்தில் கூடும். குழாய்ப் புட்டியைவிடக் கனமான கிண்ணத்தில் வைத்தால் முயல் எளிதாகவும் மிகுதியாகவும் குடிக்கும்.

நோய்க்கும் ஒரு பாஸ்புக்

வரவும் செலவும் எழுதப்பட்ட கணக்கைப் பார்த்தால் பணம் எங்கே கசிகிறது என்பது தெரியும். நாள்பட்ட நோய்க்கும் இத்தகைய கணக்கு தேவை. ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் ஐந்தினைக் குறித்து வாருங்கள்: உண்ட புல்லின் அளவு, இலை மற்றும் தீவனம், குடித்த நீர், புழுக்கையின் அளவும் வடிவமும், முயலின் ஊக்கம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து எடையையும் குறிக்கவும்.

புழுக்கையே குடலின் அறிக்கை. ஒரே அளவில், உருண்டையாக, உடைத்தால் உள்ளே நார் தெரியுமாறு இருப்பது நலம். சிறுத்து ஒழுங்கற்றுப் போனால் குடல் தளர்கிறது. முடியால் மணிகளைப் போலக் கோத்திருந்தால் உடலை வாரிவிடுதலும் புல்லை மிகுதியாக்குதலும் வேண்டும். மென்மையான புழுக்கைகள் உண்ணப்படாமல் தரையில் ஒட்டிக் கிடந்தால், தீவனம் மிகுதியாக உள்ளது அல்லது முயலால் குனிந்து எடுக்க இயலவில்லை என்று பொருள். பருத்த உடலும் முதுகு வலியும் அதற்குக் காரணமாகலாம். நீராகக் கழிந்தால் அது அவசர நிலை.

எடுத்துக்காட்டாக, 2 கிலோ எடையுள்ள ஒரு முயலை எண்ணிப் பாருங்கள். ஆறு வாரத்திற்கு ஒருமுறை அதற்குக் குடல் தேக்கம் வருகிறது. குறிப்பேட்டைப் புரட்டினால், ஒவ்வொரு முறையும் அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே புல் உண்பது குறைந்திருக்கிறது. மென்மையான இலையை மட்டும் வழக்கம்போல் உண்டிருக்கிறது. எடை 1,900 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. கடினமானதை விடுத்து மென்மையானதை மட்டும் நாடுவது பல் வலியின் அடையாளம். இக்குறிப்பைக் காட்டினால் மருத்துவர் முதலில் கடைவாயைப் பார்ப்பார். கூரிய முனைகளைத் தேய்த்துச் சீராக்கினால், குடல் தேக்கத்தின் இடைவெளி நீளக்கூடும். குறிப்பேடு இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ‘நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது’ என்று மட்டுமே நம்மால் கூற இயலும்.

நோய் தாக்கும் வேளையில்

வேட்டையாடப்படும் விலங்கினம் ஆதலால் முயல் தன் வலியை மறைக்கும். அதன் சிறு மாற்றங்களையே நாம் அடையாளமாகக் கொள்ள வேண்டும். விரும்பிய இலையையும் முகர்ந்துவிட்டு விலகுதல், மூலையில் கூனிக் குறுகி அமர்தல், பற்களை உரக்க நறநறவெனக் கடித்தல், வயிற்றைத் தரையோடு அழுத்துதல், காதுகள் சில்லிடுதல் ஆகியன முதல் அறிகுறிகள்.

பத்து அல்லது பன்னிரண்டு மணி நேரம் உணவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. உண்ணாத முயலின் உடற்கொழுப்பு கல்லீரலில் சென்று படியும், கல்லீரல் செயலிழக்கும். பருத்த முயல்களுக்கு இது விரைந்து நேரும். வயிறு பறை போல் இறுகி உப்பியிருந்தாலும், முயல் துவண்டு கிடந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதித்தல் ஆகாது.

மருத்துவரிடம் செல்லும் வரை செய்ய வேண்டுவன சில. முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். காதுகள் குளிர்ந்திருந்தால், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். வெப்பம் மிகுந்தால் விலகிச் செல்ல அதற்கு இடம் விட வேண்டும். நீரும் புல்லும் முன்னால் இருக்கட்டும். இணை முயல் இருந்தால் அதையும் கூடவே கொண்டு செல்வது அச்சத்தைத் தணிக்கும்.

ஊசியில்லாத சிரிஞ்சால் உணவூட்டும் முறையை மருத்துவரிடம் முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும். குடலில் அடைப்போ உப்புசமோ இருக்கும்போது ஊட்டினால் இரைப்பை மேலும் விரிந்து உயிருக்கே கேடாகும். ஆகவே, அடைப்பு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பின்னரே ஊட்ட வேண்டும். முயலைத் துண்டால் சுற்றி, நான்கு கால்களும் கீழே இருக்குமாறு அமர்த்துக. மல்லாத்துதல் கூடாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பக்கவாட்டிலிருந்து சிரிஞ்சை நுழைத்து, ஒரு மில்லிலிட்டருக்கு மேற்படாமல் செலுத்தி, மென்று விழுங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். விரைந்து செலுத்தினால் உணவு மூச்சுக்குழலில் புகும்.

மருந்துகளில் எச்சரிக்கை

மனிதர்க்கும் நாய்க்கும் பழக்கமான மருந்துகள் சில முயலைக் கொல்லும். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளின்டாமைசின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழி கொடுத்தால், சீகத்தில் வாழும் நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, நச்சு சுரக்கும் கிருமிகள் பெருகி, கடும் கழிச்சலும் இறப்பும் நேரும். வீட்டில் எஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் முயல் விஷயத்தில் அறவே ஆகாது. வலி நீக்கி, குடல் இயக்க மருந்து, தோலுக்கடியில் செலுத்தும் நீர்மம் ஆகியவற்றின் தேர்வும் அளவும் மருத்துவருடையவை. குறிப்பாக, குடல் இயக்க மருந்தை அடைப்பு உள்ளபோது கொடுத்தால் தீங்கு விளையும்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயலை அன்றாடம் பார்ப்பவர் அல்லர். எனவே, முயல் நலமாக இருக்கும்போதே, முயல் மருத்துவத்தில் பழக்கமுள்ளவர் யார், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று விசாரித்து, எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வேப்பேரி, மும்பை பரேல், கொல்கத்தா பெல்காச்சியா, லூதியானா, குவாஹாத்தியின் கானாபாரா முதலிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்விநிலையங்கள் உள்ளன. உங்கள் மாநிலத்துக் கல்லூரி மருத்துவமனையில் முயலுக்கு எந்நேரம் மருத்துவம் செய்யப்படுகிறது என்பதை நேரில் கேட்டறிதல் நன்று.

வெயிலும் ஓசையும்

முயல் வியர்ப்பதில்லை எனலாம். பெரும்பாலும் காதுகளின் வழியே வெப்பத்தை வெளியேற்றுகிறது. வெப்பநிலை 30 டிகிரியைக் கடந்தால் அது தளரும், உண்பதும் குறையும். நாக்பூர், தில்லி, ஐதராபாத் போன்ற ஊர்களின் கோடையில் இது அன்றாட இடர். கூண்டை மேற்குச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். உறைந்த நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். வெறுந்தரையோ பக்கவாட்டில் சாய்த்த மண்பானையோ அதற்குக் குளிர்ந்த இடமாகும். வறண்ட ஊர்களில் வெட்டிவேர்த் தட்டி பயன் தரும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் காற்றோட்டமே முதன்மை.

தீபாவளி நாள்களில் சன்னல்களை மூடி, உள்ளறையில் மறைவிடம் அமைத்து, வழக்கமான உணவையே வழக்கமான நேரத்தில் கொடுக்கவும். அந்நாள்களில் புதிய உணவு எதையும் தொடங்க வேண்டாம். விருந்தினர் அன்போடு நீட்டும் இனிப்பையும் பணிவாக மறுத்துவிடுதல் நலம்.

பொருளும் பொறுப்பும்

நாள்பட்ட நோய் ஒரே நாளில் பெருஞ்செலவு வைப்பதைவிட, ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் செலவு வைக்கும். அதனிடையே ஓர் இரவில் அவசரச் செலவும் வரும். இரண்டுக்கும் தனித்தனியே ஏற்பாடு தேவை. புல், பரிசோதனை, பல் சீரமைப்பு போன்ற எதிர்பார்க்கக்கூடிய செலவுகளுக்குத் தொடர் வைப்புக் கணக்கு ஏற்றது. மாதம் 500 ரூபாய் வீதம் செலுத்தினால் 24 மாதங்களில் அசல் மட்டும் 12,000 ரூபாய் சேரும், வட்டி தனி. ஆனால், அவசரத்துக்கு அதை முன்கூட்டியே முடித்தால் வட்டி குறையக்கூடும். எனவே, ஓர் இரவு மருத்துவத்துக்குப் போதுமான தொகையைச் சேமிப்புக் கணக்கில் தொடாமல் வைத்திருப்பது நல்லது. செல்லப்பிராணிக் காப்பீடு எடுக்க விரும்புவோர், அது நாய்க்கும் பூனைக்கும் மட்டுமானதா, முன்பே உள்ள நோயை ஏற்குமா என்பவற்றை ஆவணத்தில் படித்தறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

சட்டமும் ஒன்றை நினைவூட்டுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்ப்பவர் தம் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராதிருப்பது குற்றம். நோயுற்ற முயலைப் பூங்காவிலோ தோப்பிலோ ‘இயற்கையிடம்’ விட்டுவருவதும் இரக்கமன்று. வீட்டு முயல் நம் நாட்டுக் காட்டு முயலின் இனத்தைச் சேர்ந்ததன்று; வெளியில் பிழைக்கும் திறன் அதற்கு இல்லை.

எதுவரை?

இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. நாள்பட்ட நோயில் நாம் நாடுவது பெரும்பாலும் முழுக் குணம் அன்று. நோயில்லாத நாள்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதே நோக்கம். குறிப்பேட்டில் நல்ல நாள்களையும் கெட்ட நாள்களையும் வேறு வேறு குறியிட்டு வாருங்கள். நல்ல நாள்கள் மிகுந்திருக்கும் வரை உழைப்பு வீணாவதில்லை. தானே உண்ண இயலாமல், வலி நீக்கியும் பயன் தராமல், கெட்ட நாள்களே தொடர்ந்தால், துன்பமின்றி உயிர் பிரியச் செய்தல் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசலாம். அம்முடிவை நள்ளிரவுப் பதற்றத்தில் எடுக்காமல், குடும்பத்தார் அமைதியாக இருக்கும் நாளில் முன்பே கலந்து பேசி வைத்தல் நன்று. முயலைப் பேணிய பிள்ளைகளுக்கும் உண்மையை அவர்களுக்குப் புரியும் சொற்களில் கூற வேண்டும். ‘எங்கோ போய்விட்டது’ என்று மறைத்தால் அவர்கள் தேடிக்கொண்டேயிருப்பர்.

நினைவிற் கொள்ள

1. புல் முதன்மை, மற்றவை எல்லாம் துணை.

2. நாள்தோறும் புழுக்கையைப் பாருங்கள்; வாரந்தோறும் எடை காணுங்கள்; இரண்டையும் எழுதி வையுங்கள்.

3. நோய் திரும்ப வந்தால் பல், வலி, ஒட்டுண்ணி ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

4. பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால் அது அவசர நிலை.

5. மருத்துவர் கூறாத எந்த மருந்தும் வேண்டாம்.

6. மருத்துவரின் எண்ணும் அவசரத் தொகையும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

இன்று மாலை இல்லம் திரும்பியதும் ஒரு குறிப்பேட்டை எடுத்து முதல் பக்கத்தில் உங்கள் முயலின் இன்றைய எடையை எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவர் கேள்வி கேட்கும்போது விடை அப்பக்கங்களில் இருக்கும்.